எட்டுப் படி ஏணி

அக்கா, ஒரு விடுகதை போடுகிறேன். டவுன் வருவதற்குள் விடை சொல்லிவிடுங்கள், பார்க்கலாம். எட்டுப் படி ஏணி ஊருக்குள்ளே, ஒன்பதாம் படி மட்டும் ஊரைத் தாண்டி. அது என்ன?

தண்ணீர்த் தொட்டியா? இல்லை. செல்போன் டவரா? அதுவும் இல்லை. நன்றாகத்தான் யோசிக்கிறீர்கள், ஆனால் வராது. கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் அத்தனை அதிகாரிகள் இருந்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் நிற்காது. எங்கள் செம்பாறைப்பட்டி பள்ளிக்கூடம். ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை ஊருக்குள் இருக்கிறது. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். எப்படி இருக்கிறது?

நான் போட்டதில்லை. என் மகள் சுபி போட்டது. சுபிக்ஷா. அவள் போட்டபோது இன்னொரு வரியும் இருந்தது. அந்தப் படிக்கு எதில் ஏறிப் போவது என்று ஏதோ வரும். விடுகதை நீளமாகப் போகிறதென்று அதை நான் வெட்டிவிட்டேன்.

இந்தச் சம்படத்தில் கேசரி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று செய்தது, கெடவில்லை. என்ன விசேஷமா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் ஜெயக்கொடி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேலாண்மைக் குழுத் தலைவி. சிரிக்காதீர்கள். பெற்றோர் எல்லோரும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கை தூக்கவில்லை. கேட்டால், மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்கிறார்.

நானும் அந்த எட்டுப் படியை அங்கேதான் ஏறினேன். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போகிறேன் என்று சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். "பொம்பளப்பிள்ளைய பஸ்ஸுல அனுப்ப முடியாது" என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சரி, அதை விடுங்கள். அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். என் பிள்ளைக்கு இந்த நிலைமை வரக் கூடாது. என் பிள்ளை பஸ்ஸே ஏற வேண்டாம், ஒன்பதாவது வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

சுபிக்கும் அதே பயம்தான். சொல்ல மாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எது நிற்கும், எது நிற்காமல் போகும், எல்லாம் மனப்பாடம். பயத்தில் மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், பாவம். மாலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். பஸ் வந்தால் எழுந்து நிற்பாள். போனதும் உட்காருவாள். அவ்வளவு பயம்.

சரி, கதைக்கு வருகிறேன். தை மாதம், சுபி எட்டாவது படிக்கும்போது, போனில் ஒரு செய்தி வந்தது. மாநிலத்துக்குக் கல்விக் கொள்கை எழுதப் போகிறார்களாம். ஒவ்வொரு மாவட்டமும் தன் முன்னுரிமைகளைச் சொல்ல வேண்டுமாம். அதற்காக எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் ஒரே வரியில் ஒரே ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். உடனே குழுவைக் கூட்டினேன்.

"முன்னுரிமைன்னா என்ன டீச்சர்?" என்று முத்திருளாயி கேட்டாள். குழுவில் ஓர் உறுப்பினர், எனக்குப் பக்கத்துத் தெரு. "பஸ்ஸுல கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமைன்னு எழுதியிருப்பாங்களே, அதா?"

"அதேதான்" என்றார் பிரான்சிஸ்கா டீச்சர். அவர்தான் எங்கள் தலைமையாசிரியை. "பள்ளிக்கூடத்துக்கு என்னென்னமோ வேணும். எதை முதல்ல உக்கார வைக்கணும்னு கேக்கிறாங்க."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒன்றை உட்கார வைத்தார்கள். சவுண்டு சர்வீஸ் நாகு மைக் செட் வேண்டும் என்றான்.

"ஏண்டா, நீ வாடகைக்கு விடுற மைக்க பள்ளிக்கூடத்து தலையில கட்டப் பாக்கிறியா?" என்று நான் கேட்டேன்.

"சொந்தமா வாங்கிட்டா அப்புறம் எங்கிட்ட எவன் வாடகைக்கு எடுப்பான்? எனக்குத்தான் நஷ்டம். அப்படியும் கேக்கிறேன் பாரு, அதான் நாகு."

என் வீட்டுக்காரர் சுற்றுச்சுவர் வேண்டும் என்றார். "ஆடு வந்து வந்து உக்காந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருச்சு. இன்னும் விட்டா டி.சி. கேக்கும்."

முத்திருளாயி ஒன்றும் கேட்கவில்லை. அவள் மகள் பவானி எட்டாவது முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்; பஸ் நிற்காத நாளில் நடந்து போய், இருட்டில் திரும்பி வந்து, இனிமேல் போகவில்லை என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். முத்திருளாயியைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். "ஒம்பதாவது வேணும். நம்ம ஊருலயே வேணும்." நாகுகூட மைக்கை விட்டுக்கொடுத்துவிட்டான்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கேட்டார். "சுபிக்காகத்தானே இவ்வளவும்? அவளக் கேட்டியா?"

கேட்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பசிக்கிற பிள்ளையிடம் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டா சோறு போடுவோம்?

டீச்சர் ஒரு வரி எழுதித் தந்திருந்தார்: 'எங்கள் பள்ளியைத் தரம் உயர்த்த வேண்டும்.' ஆபீஸ் பாஷையில் அதுதான் பெயர். எட்டாவது வரை இருக்கிற பள்ளியைப் பத்தாவது வரை ஆக்கினால், பள்ளியைத் தரம் உயர்த்துவது. அதைப் போனில் அடித்து அனுப்புவது என் வேலை. டீச்சர் எழுதினது கொஞ்சம் மொட்டையாக இருந்தது. மாநிலத்துக்குப் போகிற வரி இல்லையா? பொட்டு வைத்துப் பூ வைத்து அனுப்ப வேண்டாமா? 'எங்கள் பள்ளியின் தரத்தை மேலும் மேலும் உயர்த்த வேண்டும்' என்று அடித்து, கும்பிடுகிற கை இரண்டு போட்டு அனுப்பிவிட்டேன். படிக்கவே நிறைவாக இருந்தது.

கொஞ்ச நாளில் ஜீப் வந்தது. தெய்வசிகாமணி சார் என்று ஓர் அதிகாரி. நல்ல மனிதர், குரலே சர்க்கரைப் பாகு. இறங்கினதும் என்னைத்தான் கேட்டார்.

"நீங்கதான் அந்தத் தலைவியா? எல்லாப் பள்ளியும் கட்டடம் கேட்டாங்க, கழிப்பறை கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா தரம் கேட்டிருக்கீங்க."

"எப்ப சார் உசரும்?"

"இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு."

"எதுவரைக்கும் சார்?"

"உச்சி வரைக்கும்மா."

"பத்தாவது வரைக்கும் போதும் சார். அதுக்கு மேல ஆசைப்படல."

அவர் சிரித்தார். "பத்தாவதுல மாநில அளவுல வருவாங்கம்மா உங்க பிள்ளைங்க."

"அப்ப பத்தாவது உண்டு?"

"பின்னே, இல்லாமயா?"

நான் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டேன் அக்கா. முத்திருளாயி பவானியின் பழைய பாவாடையை எடுத்து மடிப்பை அவிழ்த்து நீளமாக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாளே தரம் உயர ஆரம்பித்தது. எப்படியென்று கேளுங்கள். காலையில் சீக்கிரமே பிள்ளைகள் வர வேண்டும். வாய்ப்பாடு. சொல்வதை எழுதுதல். ஆங்கிலத்தில் பேசுதல். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு மதியத்தில் தனியாக. வீட்டுக்குப் போனால் கையெழுத்துப் பயிற்சி. டீக்கடையில் பையன்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள், பஜ்ஜி ஆறிப் போகிறது. முத்திருளாயியின் சின்னவன் தூக்கத்தில் ஆங்கிலம் பேசினானாம். அவள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏத்தா ஜெயக்கொடி, உசத்தச் சொன்னது பள்ளிக்கூடத்தை. எம் பயல இல்ல."

"அவசரப்படாத முத்து. அடித்தளம் போடுறாங்க."

அந்த வாரம் ஒருவர் டேப்போடு வந்து பள்ளிச் சுவரை அளந்தார். பார்த்தீர்களா, புது வகுப்பறைக்கு அளக்கிறார் என்று நான் எல்லோரையும் கூட்டிவிட்டேன். அவர் அளந்து முடித்து, ஏணி போட்டு ஏறி, படம் வரைந்தார். ஒட்டகச்சிவிங்கி. கழுத்து கூரை ஓடு வரைக்கும் போயிற்று. ஊரே அண்ணாந்து பார்த்தது.

"இதுதான் ஒம்பதாவதா?" என்றான் நாகு.

அன்றைக்குச் சாயங்காலம் சுபிதான் விஷயத்தை உடைத்தாள். சோறு சாப்பிட்டுக்கொண்டே, தலைகூட நிமிரவில்லை. "அம்மா, இரண்டாம் வேற்றுமை உருபு தெரியுமா? 'ஐ'. அது எங்க ஒட்டியிருக்குன்னு பாக்கணும். பள்ளியில ஒட்டுனா பள்ளி உசரும். தரத்துல ஒட்டுனா நாங்கதான் உசரணும். நீ அனுப்புனதுல தரத்துல ஒட்டியிருக்கு."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், தரத்தில்தான் ஒட்டியிருந்தது. டீச்சர் தெளிவாக எழுதிக் கொடுத்த வரி. நடுவில் எப்படி மாறியதென்று இன்று வரை எனக்குப் புரியவில்லை அக்கா. இந்தப் போன்கள் தானாகவே எழுத்தை மாற்றிவிடுமாமே. அப்படித்தான் இருக்கும். சுபி என்னையே பார்த்தாள். பிறகு ரசம் கேட்டாள்.

விடுவேனா? மாவட்ட அளவில் கலெக்டர் ஆபீஸில் பெரிய கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தலைவியும் ஒரு பிள்ளையும் வரலாம். நான் சுபியைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் தன் லோடு வண்டியிலேயே கொண்டுபோய் விட்டார். பிள்ளை பஸ்ஸில் சிரமப்பட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வழியெல்லாம் அவள் எதிரே வருகிற பஸ்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய ஹால். ஏ.சி. வேறு. மேடையில் சென்னையிலிருந்து வந்த மேடம். பெரிய பொறுப்பில் இருப்பவர், பருத்திப் புடவை, கண்ணாடி. திரையில் மாவட்டத்தின் கோரிக்கைகளை வரிசையாகக் காட்டினார்கள். முதல் முன்னுரிமை: 'பள்ளிகளின் தரத்தை மேலும் மேலும் உயர்த்துதல்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த 'மேலும் மேலும்' என்னுடையது. எவரோ காப்பியடித்திருக்கிறார்கள்.

மைக் என்னிடம் வந்தது. அந்த மைக் நாகுவினுடையது போல் கரகரக்கவில்லை, என் குரல் எனக்கே அதிகாரி குரல் மாதிரி கேட்டது. அந்த மயக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"மேடம், எங்களுக்குத் தரத்தை உயர்த்த வேண்டாம்."

முன்வரிசையில் தெய்வசிகாமணி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேண்டாமா?" என்றார் மேடம்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அந்த ஐயைத் தரத்துல இருந்து எடுத்திரணும். எடுத்து, பள்ளியில ஒட்டிரணும்."

"எந்த ஐயாவை?" என்று பக்கத்தில் இருந்த அதிகாரி பதறிப் போய்த் தெய்வசிகாமணி சாரைப் பார்த்தார்.

"ஐயா இல்ல சார், ஐ. வேற்றுமை உருபு. இந்த ஐயாவ எங்கயும் ஒட்ட வேண்டாம், அவர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

மேடத்துக்கு முதலில் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் ஹால் முழுக்கச் சிரித்தது. தெய்வசிகாமணி சார் கண்ணைத் திறந்து, தான் இருக்கிற இடத்திலேயே இருப்பதைப் பார்த்து, அவரும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் நான் விடுகதையைப் போட்டேன். எட்டுப் படி ஏணி ஊருக்குள்ளே, ஒன்பதாம் படி மட்டும் ஊரைத் தாண்டி. ஒருவருக்கும் விடை வரவில்லை. நான் சொன்னதும் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "எங்க ஊரு ஏணியும் எட்டுப் படிதான்" என்றார். இன்னொருவர், "எங்களுக்கு அஞ்சே படி. நீங்க பணக்காரங்க" என்றார். அங்கங்கே எழுந்து படி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், ஏலம் மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நான் ஒன்றைச் சொல்லி ஒரு ஹாலே திரும்பிப் பார்த்தது.

அப்போது மேடம் சுபியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உனக்கு எது முதல்ல வேணும்?"

நான் அவள் காதில், "ஒம்பதாவதுன்னு சொல்லு" என்றேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "காலையில நின்னு ஏத்திக்கிட்டுப் போற பஸ் ஒண்ணு. சாயங்காலம் திரும்பி வர ஒண்ணு."

மைக்கைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பதற்றம். உளறிவிட்டாள். "சின்னப் பிள்ளைங்க மேடம், அத எழுதிக்காதீங்க" என்று நான் சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டார்.

இனிமேல்தான் கேசரி. மாநிலக் கொள்கை முழுதாக வர இன்னும் காலம் ஆகுமாம். ஆனால் மாவட்டம் அனுப்பின முன்னுரிமைகளில் ஐ இடம் மாறிவிட்டது. 'பள்ளிகளைத் தரம் உயர்த்துதல்.' தெய்வசிகாமணி சாரே போன் பண்ணிச் சொன்னார். "உங்க ஐ ஒட்டிருச்சும்மா." அதோடு, இந்த வருஷப் பட்டியலிலேயே செம்பாறைப்பட்டி வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நாங்கள் உயர்நிலைப் பள்ளி. நேற்றுத்தான் போர்டு மாற்றினோம், அதற்குத்தான் இந்தக் கேசரி. நாகு காசு வாங்காமல் மைக் கட்டினான், ஊர் முழுக்கக் காது வலிக்கப் பாட்டுப் போட்டான். ஒட்டகச்சிவிங்கிக்குக்கூட மாலை போட்டோம். கழுத்துக்கு எட்டவில்லை, காலில் போட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. இந்தப் பஸ். பள்ளி திறந்த சமயத்தில் விட்டார்கள். ஒன்பதாவதுதான் ஊருக்குள் வந்துவிட்டதே, இப்போது போய் எதற்கு பஸ் விட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்காத பஸ். ஆனால் டிரைவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார், இல்லையா?

பள்ளி திறந்த அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சு, ஜன்னல் பக்கம், சுபிக்கென்று நான் காலையிலேயே போய்த் துடைத்து வைத்தேன். முத்திருளாயி பவானியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷம் கழித்து யூனிபார்ம். முத்து பவானியின் ரிப்பனை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக நின்றாள். பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்தப் பெஞ்சில் நானே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்டார். "அவளக் கேட்டியா?"

மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. ஆனால் அந்தத் தடவை டீச்சர் காதில் விழுந்துவிட்டது. குனிந்து, "சுபி, நீ எங்கேம்மா படிக்கப் போறே?" என்று கேட்டார்.

அக்கா, டவுன் நெருங்கிவிட்டது போலிருக்கிறதே. அந்த ஜன்னலோரம் கொஞ்சம் எனக்கு விடுகிறீர்களா? இந்த வழியில் பஸ்ஸில் காலை நேரத்தில் நான் வந்ததே இல்லை. இவ்வளவு காற்று வரும் என்று தெரியாது. பாருங்கள், அந்தக் குளம் இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது.

நான் வர வேண்டியதில்லை என்றுதான் சுபி சொன்னாள். பஸ் எப்படியிருக்கிறது என்று ஒரு நாள் பார்த்துவிடலாமே என்று நானாக வந்தேன். அதோ, டிரைவருக்குப் பின்னால், நீல ரிப்பன், அவள்தான். என் பக்கத்தில் உட்கார மாட்டாளாம்.

அந்த முதல் பெஞ்சா? அதில் பவானி உட்கார்ந்திருக்கிறாள்.

சுபி டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்ந்திருக்கிறாள். காலையில் இந்தப் பஸ்ஸில் போகிறாள். சாயங்காலம் இதிலேயே வருகிறாள்.